மூணு ராத்திரி

பதினாலு வருஷமாய் எனக்குக் கருங்கண்டன் வேஷம்.
காங்கேயத்துக்குக் கிழக்கே எந்த ஊர் நோம்பி என்றாலும்
அந்த மீசை எனக்குத்தான்.
ராத்திரியில் ஆயிரம் பேரை ஒரு வீச்சில் சாய்ப்பேன்,
பகலில் எண்ணெய் மில்லில்
பருப்பு மூட்டை தூக்குவேன்.

கதையில் ஓரிடம்.
படை துரத்த, மலைக்குகையில் ஒளிகிறான் கருங்கண்டன்.
'மூணு ராத்திரி இருந்தானாம், நாலாம் பகல் வந்தானாம்.'
அவ்வளவுதான். ஒரே மூச்சு.
அதற்குள் உடுக்கை மாரப்பன்
விரலில் எச்சில் தொட்டுக்கொள்வார்.
அடுத்தது சண்டை.

போன சித்திரையில்
பொங்கியண்ணன் தோட்டத்துக் கிணற்றில்
புட்வால்வு கழற்ற இறங்கினேன்.
அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பழனிக்குப் போயிருந்தார்.
கயிறு அறுந்தது என்று சொல்கிறார்கள்.
அறவில்லை.
கை வியர்த்து நான்தான் விட்டேன்.

கணுக்கால் போயிற்று.
பிட்டம் வைக்க மட்டும் ஒரு பாறைத் துண்டு.
முதலில் கருங்கண்டன் குரலில்தான் கூப்பிட்டேன்:
'எவனடா அங்கே!'
கிணறு அதே குரலில்
என்னைக் கேட்டது.

கருங்கண்டனுக்குச் சளி பிடித்ததில்லை.
குகையில் எங்கே ஒதுங்கினான் என்று
மாரப்பன் பாடியதே இல்லை.
எனக்கு எல்லாம் அந்தத் தண்ணீரில்தான்,
குடிக்கவும் அதே தண்ணீர்.
அவன் கனவில் குலசாமி வந்து வாள் கொடுத்தது.
என் கனவில் சங்கத்துக்காரர் வந்து
தவணை கேட்டார்.
ஒரு தவளை இருந்தது.
தின்றுவிடலாமா என்று ரெண்டாம் நாள் பார்த்தேன்.
அதுவும் என்னை அப்படித்தான் பார்த்தது.
வெள்ளகோவிலில், அவள் அம்மா வீட்டில்,
நான் எங்கோ கருங்கண்டனாய் இருக்கிறேன் என்று
தெய்வாத்தாள் நிம்மதியாய்த் தூங்கியிருக்கிறாள்.

மூன்றாம் ராத்திரி மேலே டார்ச் வெளிச்சம்.
மோட்டாரின் காப்பர் வயரை அறுக்க வந்தவன்.
'அண்ணா' என்றேன். குரல் அவ்வளவுதான் மிச்சம்.
வெளிச்சம் அணைந்தது. கால்கள் ஓடின.
நின்றன.
வெகுநேரம் கழித்து ஒரு தலை எட்டிப் பார்த்தது:
'ஏனுங்க, உசுரோடதான் இருக்கறீங்களா?'

யாரோ பேர் சொல்லாமல்
ஃபயர் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததாகப் பேப்பரில் வந்தது.
வயரைக் காணோம் என்று
பொங்கியண்ணன் தனியாகப் புகார் கொடுத்தார்.

'நிசக் கருங்கண்டன் நீதான்டா' என்று மாலை போட்டார்கள்.
அவன் செத்தான், அதனால் பாட்டு.
நான் பிழைத்தேன்,
அதனால் மாத்திரை, தவணை, மழைக்கு முன்னால் கால்வலி.
அவன் பயந்தான் என்று எந்த வரியிலும் இல்லை.
வரியில் இல்லாததெல்லாம்
நடக்காமல் போய்விடுமா?

இந்த மாசி நோம்பியில் அந்த இடம் வந்தது.
'மூணு ராத்திரி' என்றேன்.
அதற்கு மேல் வாய் நகரவில்லை.
மாரப்பன் எச்சில் விரலோடு காத்திருந்தார்.
ஒருதரம் தட்டி ஞாபகப்படுத்தினார்.
ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.
தகர வாளைக் கீழே போட்டுவிட்டு
காலை நீட்டி மேடையிலேயே உட்கார்ந்தேன்.
'மொத ராத்திரி,' என்றேன்,
'கருங்கண்டனுக்குக் குளுந்துதுங்க.
அங்க ஒரு தவளை இருந்துதுங்க.'

ரெண்டு மணி வரைக்கும் சண்டை வரவில்லை.
பாதிப் பேர் எழுந்து போனார்கள்.
மூன்றாம் ராத்திரியில்
சாமி பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில்
வண்டிகள் நிறுத்தியிருந்த இருட்டைப் பார்த்துக் கேட்டேன்:
'உங்க பேரு என்னங்க?'

அங்கே யாரோ
ஒரு பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
ஸ்டார்ட் ஆகவில்லை.