ஏழாம் இலக்கப் பிரேரணை

ஒன்பதரைக்கு மணி அடிக்க வேண்டும்.
மணி பழுது. தவிசாளர் கரண்டியால்
தேநீர்க் குவளையில் இரண்டு தட்டு.
பிரதேச சபை கூடிற்று என்று எழுதுகிறேன்.

பதினாறு கதிரை, பதினொரு பேர்.
நிறைவெண் உண்டு.
மூவர் முன்னறிவித்தலோடு வரவில்லை:
ஒருவருக்கு வெட்டு மிசின் இன்றைக்குத்தான் கிடைத்ததாம்,
ஒருவர் மகளின் சாமத்திய வீட்டுக்குக்
கூடாரம் பேச வவுனியா போய்விட்டார்,
மற்றவர் யானை முறித்த வேலியடியில்
வனசீவராசிக்காரரைப் பார்த்து நிற்கிறார்.
இருவர் அறிவிக்கவேயில்லை.
மூன்று கூட்டத்துக்கு அப்படி இருந்தால்
ஆசனம் வெறிதாகும்.
சிவப்புப் பேனையால் புள்ளடி இடுவது என் வேலை.

சென்ற கூட்டறிக்கை வாசித்தேன்.
யோகசீலன் சொன்ன ஒரு சொல்லை நீக்கியிருந்தேன்.
எந்தச் சொல் என்று ஒருவர் கேட்க
அது இன்னும் இரண்டு தரம் சபையேறியது.

சந்தைக் குத்தகை. குப்பை உழவு மிசினுக்கு டயர்.
மயானத்துக்குத் தண்ணீர்த் தாங்கி.
கொட்டாவியோடு ஆறு தீர்மானம்.

ஏழாவது, முத்துக்கருப்பன்.
சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாள்.
பாலையடிக்குளம் கலிங்கிலிருந்து
பெரிய வீதியில் ஏறும்வரையான
ஒன்றே கால் கிலோமீற்றர் ஒழுங்கைக்குச்
சிவநேசரூபன் வீதி எனப் பெயரிடல் வேண்டும்.
தாளை விட்டுப் பேசினால் அவருக்கு
தகப்பன் பிறந்த மலைநாட்டுத் தமிழ் வந்துவிடும்.
"அப்ப ரோடே இல்லைங்க. இடுப்பு மட்டும் வெள்ளம்.
என் சம்சாரத்த டிராக்டர் பொட்டியில ஏத்தி
அவருதான் கொண்டு போனாரு.
மூத்தவன் பொறந்தது பொட்டிக்குள்ளதான்.
ஷெல் விழுந்துக்கிட்டு இருந்திச்சு."

வழிமொழிந்தவர் மரியநாயகம், எதிர் வரிசை.
இரண்டு வரிசையும் சேர்ந்து கையுயர்த்தியது
தேநீர்ப் படியைக் கூட்டிய நாளில் மட்டும்தான்.
இன்றைக்கும் கைகள் எழத் தொடங்கின.

"தவிசாளர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை."

பதின்மூன்றாம் கதிரை. அற்புதமலர்.
பட்டியலால் வந்தவர்; இரண்டு வருடத்தில் கேட்டது
பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு மின்குமிழ்.
கையில் சபையின் ஒழுங்குவிதிப் புத்தகம்,
பக்கத்துக்கு அடையாளம் ஒரு பஸ் துண்டு.

"உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரை
வீதிக்கு வைக்கிறேல்லை எண்டு
போன வருஷம் நாங்கள்தான் தீர்மானிச்சனாங்கள்.
இருபத்திரண்டாம் இலக்கம்.
அவர் செத்தவரெண்டு
இந்தச் சபைக்கு ஆர் அறிவிச்சது?"

மின்விசிறி மட்டும்
தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை
திரும்பத் திரும்பச் சொல்லிற்று.
யோகசீலனிடமும் சொல் இல்லை.
முத்துக்கருப்பன் தாளை மடித்தார்,
இன்னும் மடித்தார், இனி மடியாத அளவுக்கு.
"மன்னிச்சுக்குங்கக்கா. சந்தோசப்படுவீங்கன்னு…"

"கிரவலைப் போடுங்கோ தம்பி. மாரிக்கு முன்னம்.
ஆரும் வாறதெண்டால்
அந்த ஒழுங்கையாலதான் வரவேணும்."

எழுதாதேங்கோ, என்றார் தவிசாளர் என்னிடம்.
பிறகு, எழுதுங்கோ, ஆனால்,
என்று நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.

எழுதினேன்:
ஏழாம் இலக்கம். உறுப்பினர் திருமதி
சிவநேசரூபன் அற்புதமலர் எழுப்பிய
ஒழுங்குப் பிரச்சினை ஏற்கப்பட்டது.
பிரேரணை மீளப் பெறப்பட்டது.
ஒழுங்கைக்கு இருபத்தாறு லோட் கிரவல்: ஏகமனதாக.
திருமதி என்ற சொல்லில் பேனை ஒருகணம் நின்றது;
வேறு சொல் எதுவும் சரியில்லை.

அந்த மாதம் வரவுப் பதிவேட்டில்
யாருக்கும் சிவப்புப் புள்ளடி இடவில்லை.
தவிசாளரும் கேட்கவில்லை.

எட்டாவது, கட்டாக்காலி மாடுகள்.
விட்டால் போதுமென்று எல்லோரும்
ஒரேயடியாகப் பேசத் தொடங்கினார்கள்.
தண்டம் ஆயிரமா, ஆயிரத்தைந்நூறா,
கன்றுக்குப் பாதியா?
ஆயிரத்தைந்நூறு, என்றார் அற்புதமலர், கறாராக.
கன்றுக்கும்.