பதினோரு மாத மண்

பத்திரத்தில் பதினோரு மாதம்தான் எழுதுவார்கள்.
பன்னிரண்டாவது மாதம்
நாங்கள் மூவரும் யாருமில்லை.

புதுவயலுக்குக் கிழக்கே அறுபத்திரண்டு சென்ட்.
முதல் வருடம் கடப்பாரை
செம்புறாங்கல்லில் பட்டு ணங்கென்று திரும்பியது.
"இது வெள்ளாமை மண்ணில்ல, வீடு கட்டுற மண்ணு"
என்றான் ராக்கப்பன்.
அப்புறம் அவனேதான் மில் மில்லாய் ஏறி
உமிச்சாம்பல் கேட்டு வாங்கி
எக்ஸெல்லில் மூட்டை மூட்டையாய்க் கொண்டு வந்தான்,
இருபத்தாறு வயதில்
புருவம் நரைத்து.

மெர்சி சாணி கரைத்தாள்.
நான் கணக்கு எழுதினேன்:
கடலை நாலு கிலோ, மயில் தின்றது ஏழு.
மயில் பேரில் கடன் எழுதாதே என்றாள் மெர்சி.
எழுதினேன்.

காரைக்குடிச் சந்தையில்
ஓட்டை விழுந்த கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"பாதி விலைதானே?" என்றவரிடம்
புழுவே தின்னுருக்கு, பயப்படாமத் தின்னுங்க என்றேன்.
போய்விட்டார்.

மூன்றாம் ஐப்பசி, ஒரு மழைக்கு மறுநாள்
கையை விட்டேன்.
மணிக்கட்டு வரை போயிற்று.
உள்ளே ஒரு மண்புழு தன் வேலையில் இருந்தது.
அதற்குப் பத்திரம் தெரியாது.

அந்த வாரமே வயிரவன் அண்ணன்
சென்னையிலிருந்து காரில் வந்தார்.
வரப்பில் நின்று ஒரு பிடி அள்ளி மோந்து
"நம்ம மண்ணு எப்பவுமே நல்ல மண்ணுதான்" என்றார்.
தை பிறந்தால் குத்தகை இரட்டிப்பு,
முடியாதென்றால் மனைக்கு ஆள் கேட்கிறார்கள்.
கெட்டவர் இல்லை.
மூன்று கத்தரிக்காய்க்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

சணப்பு விதை பத்துக் கிலோ வாங்கியாகிவிட்டது.
இப்போது போட்டால் நாற்பத்தைந்து நாளில் பூ.
பூத்ததும் மடக்கி உழ வேண்டும்.
அதை மண் தின்னும்.
பலன் அடுத்த வெள்ளாமைக்கு.
அடுத்த வெள்ளாமை
யாருக்கு?

விதையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் ராக்கப்பன்.
மெர்சி பேசவில்லை.
நான் நோட்டைத் திறந்து
சாம்பல் மூட்டைகளைக் கூட்டினேன், நானூற்றுப் பதினேழு.
இறக்கியதைத் திரும்ப ஏற்றிப் போக
எந்த வண்டியைக் கூப்பிடுவது?

விடிந்து போய்ப் பார்த்தால் சாக்கு காலி.
ராக்கப்பன் வரப்பில் உட்கார்ந்து
காலில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டி
வயலுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தான்.
"மயிலு பாக்குறதுக்குள்ள மூடணும்,
வா" என்றான்.