ஆறாவது ஒர்க்கர்

ஓல்டன். இரவு பதினொன்று இருபது.
ஜன்னலுக்குக் கீழே ஆரே ஆறு
விளக்குகளை இழுத்துக்கொண்டு ஆராவ் பக்கம் போகிறது.
புதிய பதிப்பு தயார். பழையதை இறக்க வேண்டும்.
பின்னால் இன்னும் ஆறு ஒர்க்கர்கள்
பல் மருத்துவர்களின் பில்களை
அச்சிட்டு, அனுப்பி, பணம் எடுத்துக்கொண்டு.

மார்ச்சில் பட்டென்று நிறுத்தியவள் நான்தான்.
பணம் எடுத்தாயிற்று, எடுத்ததாகப் பதியவில்லை.
மறுபடி எழுந்தது மறுபடி எடுத்தது.
லாங்கென்தாலில் திருமதி ஏபிஷர்
ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு முறை கட்டினார்.
தொலைபேசியில் அவர் கோபப்படவில்லை.
"அந்தப் பக்கம் எனக்கு இருந்ததே ஒரு பல்தான்" என்றார்.

கட்டளையின் பெயர் என்னவோ 'கில்'.
அதன் மெல்லிய வடிவம் சொல்வது இவ்வளவுதான்:
கையில் இருப்பதை முடி,
புதிதாய் எதையும் தொடாதே.
அனுப்பினேன்.

ஒன்று அணைந்தது. மூன்று. இரண்டும் நான்கும் சேர்ந்து.
ஐந்து கொஞ்சம் தயங்கி.
ஆறாவது மட்டும் நிற்கிறது.
முப்பதாம் வினாடியில் ஸ்கிரிப்ட் கேட்கிறது: கொல்லவா?
ஆம் என்றால் ஒன்பதாம் எண் போகும்.
அது காதில் சொல்வதில்லை,
கழுத்தில்தான்.

ரெட்டோ கோட்டுக்குள் ஒரு கையை விட்டபடி
"அடித்துவிடு, முப்பத்தினாலு ரயில்" என்கிறான்.
லாக்கைப் பார்க்கிறேன். பில் 40817, ஒன்பதில் ஏழாம் பக்கம்.
யாருடைய பல்லோ.
கீழே, பலகை அணைந்த பேருந்து ஒன்று
கதவைத் திறந்து வைத்திருக்கிறது.
ஓட்டுநர் எழுந்து பின்னிருக்கைக்குப் போய்
தூங்கியவரின் தோளைத் தொடுகிறார்.

இல்லை என்று அழுத்தினேன்.
நாற்பத்தைந்து. அறுபது.
விரல் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்.

எழுபத்தொன்றில் ஆறாவதும் முடித்தது.
லாக்கின் கடைசியில் ஒரு வரி:
போட்டு வாறன்.

"இது என்ன எழுத்து? உடைந்துவிட்டதா?"
"இல்லை. நான்தான் எழுதி வைத்தேன்.
எங்கள் வீட்டில் யாரும் போறன் என்று சொல்வதில்லை,
குப்பைப் பையோடு கீழே இறங்கும்போதும்."

"அப்படியென்றால்?"
யோசித்தேன். ஜெர்மனில் அகப்படவில்லை.
திரையில் புதிய ஆறும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

ரெட்டோ 'ச்சூஸ்' என்று ஓடினான்,
ஒரு கை இன்னும் கோட்டுக்கு வெளியே,
கதவைச் சாத்தாமல்.