வியர்க்கும் சாயம்

பேருந்தில் பக்கத்தில் இருந்தவள்
என் இடது முன்கையைப் பார்த்துவிட்டு
ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.
இரண்டு நிறுத்தம் கழித்து
மெல்லக் கேட்டாள்:
"வீட்டில் அடிக்கிறானா?"

செங்கல், மாதுளை, காய்ந்த திராட்சை,
இன்னும் பெயர் வைக்காத ஓர் ஊதா.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
பதினேழு கோடுகள்.
ஆறு மணி நேரம் அழியாதிருந்தால்
எனக்கு அது நல்ல நாள்.

"இல்லைம்மா, இது என் வேலை" என்றேன்.
அவள் நம்பவில்லை.
இறங்கும்போது பயணச்சீட்டின் முதுகில்
ஒரு தொலைபேசி எண்ணை எழுதி
என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

தியாதெமாவின் அந்தத் தொழிற்சாலையில்
வேதியியல் பட்டத்தோடு சேர்ந்து
முதல் வருடம் முழுக்க
பீக்கர் கழுவினேன்.
உதட்டுச்சாயம் சோப்புக்கு மசியாது,
எண்ணெய்க்குத்தான் இளகும்.
புத்தகத்தில் படித்ததுதான்;
நகக்கண் சொன்னபிறகே புரிந்தது.
என்னோடு சேர்ந்த அதெமீர்
இரண்டாம் வாரமே தராசு முன் உட்கார்ந்தான்.

மேலாளர் எவாந்த்ரோ அவ்வப்போது
குச்சிகளை என் முன் பரப்பி வைப்பார்,
எது அழகு என்று கேட்க.
எது உருகும் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு அந்த அக்டோபர்.
வடக்கே தெரெசீனாவில் நாற்பது டிகிரி.
கடைத்தட்டில் நின்றபடியே
எங்கள் சாயங்கள் வியர்த்தன.
தேர்வறையில் பிள்ளையின் மேலுதடுபோல
குச்சி முழுக்கப் பொடிப்பொடியாய் எண்ணெய்.
லாரி லாரியாய்த் திரும்பி வந்தன.

"மெழுகைக் கூட்டு" என்றார் எவாந்த்ரோ.
கூட்டினார்கள்.
உதட்டில் இழுத்தால் மெழுகுவத்தி.
"இன்னும் கொஞ்சம் கூட்டு."

நான் கீழே இறங்கிப் போனேன்,
நிரப்பும் கூடத்துக்கு.
தால்வா கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"ஆகஸ்டிலிருந்து அச்சு சூடாவே வருது.
மின்கட்டணம்னு குளிர்தட்டைக் குறைச்சுட்டாங்க.
எங்களை யார் கேட்டா?"

மெதுவாய் ஆறும் மெழுகு
பெரிய கண் வைத்து வலை பின்னும்.
எண்ணெய் அதில் தங்காது.
சட்டென்று குளிர்ந்தால்
கண் சிறுக்கும், பிடி இறுகும்.
அவ்வளவுதான்.
அவ்வளவையும் நிரூபிக்கப் பன்னிரண்டு வாரம்,
நாற்பத்தைந்து டிகிரி வெப்பப்பெட்டியின் முன்னால்.
தங்கை கல்யாணத்துக்குப் போகவில்லை;
அன்று எட்டாம் வார அளவெடுப்பு.
இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அறிக்கையில் எவாந்த்ரோ பெயர், அதெமீர் பெயர்,
பிறகு "மற்றும் குழுவினர்."
அந்த "மற்றும்" நான்.
தால்வா அதிலும் இல்லை.

அடுத்த அறிக்கையை நானே தட்டச்சு செய்தேன்.
யார் கையெழுத்துக்கும் காத்திராமல்
முதல் வரியில் என் பெயர்,
இரண்டாவதில் தால்வா.
பெரிய சண்டை.
அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை.

இப்போது ஆய்வகக் கதவில்
இவனில்டா என்று இருக்கிறது,
ஓர் எழுத்துப் பிழையோடு.
மாற்றித் தருவதாகச் சொல்லி
நான்கு வருடம் ஆயிற்று.

நேற்று மாலை தைனாரா,
பயிற்சிக்கு வந்த பெண்,
முன்கையை நீட்டினாள்.
பன்னிரண்டு கோடு.
நேரம் குறித்தோம், மதிப்பெண் போட்டோம்.
எண்ணெய் தொட்ட பஞ்சால்
ஒவ்வொன்றாய்த் துடைத்தேன்.
செங்கல் போயிற்று. மாதுளை போயிற்று.
முழங்கைக்குக் கீழே
ஓர் ஊதா மட்டும் போகவில்லை.

இருபது வருடமாய் நிறம் கலக்கிறேன்.
அது எங்கள் நிறமில்லை.

அவள் சட்டைக்கையை இறக்கிவிட்டாள்.
நானும் பதிவேட்டில்
"பன்னிரண்டு" என்றே எழுதினேன்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தேன்.
அடியில், நிற அட்டைகளுக்குக் கீழே
அந்தப் பயணச்சீட்டு.
இத்தனை காலத்தில் இந்த ஊர் எண்களுக்கு
ஓர் இலக்கம் கூடிவிட்டது.
முன்னால் ஓர் ஒன்பது சேர்த்து
அழுத்தினேன்.

தைனாரா போகவில்லை,
நின்றுகொண்டிருந்தாள்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.