கோதுமைக்காரரின் எண்

ஐந்தரைக்கே ஸ்தாமென்
ரொட்டிக்கடை அட்டையால் கார்க் கண்ணாடியின்
பனியைச் சுரண்டுகிறான்.
ஹீட்டர் அவன் முழங்காலுக்கு மட்டும் ஊதும்.
ராலித்ஸாவின் மடியில் தொலைநோக்கி,
காய்ச்சல்காரப் பிள்ளைபோல் கம்பளிக்குள்.

கருங்கடல் இன்று கருப்பில்லை,
தகர நிறம்.
கலங்கரை விளக்கின் கீழே
ஒரு முக்குளிப்பான் அலைக்குள் போனது.
அதனோடு நானும் மூச்சைப் பிடித்தேன்.
என் மூச்சுதான் முதலில் தீர்ந்தது.
அது எழுந்தது
மூவருமே பார்க்காத பக்கத்தில்.

ஷப்லா ஏரி உறைந்து கிடந்தது.
நடுவே பாய் அகலத்துக்குத் தண்ணீர்,
அதில் நெற்றியில் சுண்ணாம்பு பூசிய நாமக்கோழிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
வாத்துகள் இல்லை.
நாணலுக்கு அப்பால்
ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம்.
படிவத்தில் பூஜ்யம் எழுத மனமில்லாமல்
மை உறைந்துவிட்டது என்றான் ஸ்தாமென்.
அவன் கையில் இருந்தது பென்சில்.

பதினொன்றரைக்கு
ஊரைத் தாண்டிய திருப்பத்தில்
வயல் நகர்ந்தது.
செம்மார்பு வாத்துகள்!
செங்கல் நிறக் கழுத்துகள் குனிந்து குனிந்து
கோதுமைக் குருத்தைக் கத்தரிக்கின்றன.
பத்துப் பத்தாக எண்ணினோம்.
அறுநூற்று நாற்பதில் டிராக்டர் சத்தம்.

முடிந்தது, விரட்டப்போகிறார் என்று நினைத்தோம்.
தோன்கோ தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு
வரப்போரமாக நடந்து வந்தார்.
"எத்தனை?"
"இன்னும் முடியவில்லை."
"எண்ணுங்கள். என் வயலில் பந்தி.
இலை எத்தனை என்றாவது தெரிய வேண்டாமா?"

தொலைநோக்கியில் கண் வைத்தவர்
எடுக்கவே இல்லை.
உதடு மட்டும் அசைந்தது.
ராலித்ஸா ஊற்றிய தேநீர்
காரின் மூக்கில் ஆடை கட்டியது.

அப்போது வந்தது வெண்வால் கழுகு.
பசி இருந்ததாகத் தெரியவில்லை,
சும்மா ஒரு சுற்று.
வயல் முழுதும் எழுந்து
குரைத்துக்கொண்டே கடல் பக்கம் போனது.

ஆயிரம் இருக்கும் என்றான் ஸ்தாமென்.
தொள்ளாயிரம் என்றாள் ராலித்ஸா.
"ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு"
என்றார் தோன்கோ,
கடன் பாக்கி சொல்லும் குரலில்.
யாரும் எதிர்த்துப் பேசவில்லை.
ஸ்தாமென் மூன்றையும் எழுதினான்,
மூன்றாவதன் கீழே ஒரு கோடு.

மாலையில் கடற்கரையில் நின்றோம்.
ஏரி உறைந்தால் அவை
அலைமேல்தான் உறங்கும்.
காலடியில் மணல் கெட்டித்திருந்தது.
தலைக்கு மேலே வரிசை வரிசையாகக் குரல்கள்,
உருவம் இல்லை.
இருட்டிய பிறகு எண்ணக் கூடாது, விதி.
எண்ணினோம்.