கூட்டினால் சுழி

மாம்பழ மாதத்தில் கிருஷ்ணகிரிக்கு
ராத்திரி பதினொன்றுக்கும் தூக்கம் வராது.
பெங்களூர் சாலையில் லாரிகள்
தோத்தாபுரி வாசத்தை இறக்காமல் நிற்கின்றன.
இந்தப் பக்கம் என் வங்கி.
அந்தப் பக்கம் தஸ்னீமின் வங்கி.
நடுவில் திம்மராயன் டீக்கடை,
இரண்டுக்கும் ஒரே பாய்லர்.

இன்று யாருக்கு யார் எவ்வளவு என்பதை
எங்கள் இயந்திரங்கள் பேசி முடிக்க வேண்டும்,
தொகையைச் சொல்லாமல்.
சொன்னால்
எந்தக் கூழ் ஆலை எங்களை விட்டுப் போகிறது,
எந்த வாரம் எங்கள் கை வறண்டது,
எல்லாம் ஒரே எண்ணில் எட்டிப் பார்த்துவிடும்.

அதனால் ஒவ்வொரு தொகையோடும்
எவருக்கும் தெரியாத ஓர் எண்ணைப் பிசைந்து
பூட்டி அனுப்புகிறோம்.
பூட்டியபடியே கூட்டலாம், அதுதான் விந்தை.
வந்ததும் போனதும் சேர்த்துச் சுழி என்றால்
கணக்கு நேர்.
எதையும் திறக்க வேண்டியதில்லை.

"போச்சம்பள்ளிச் சந்தையில
துண்டுக்கு அடியில விரல் பிடிச்சு
மாட்டுக்கு விலை பேசுற மாதிரியா?
அங்கயும் சுழி பார்ப்போம் சார்."
பாதி அப்படித்தான் என்றேன்.
துண்டுக்கு வெளியே நிற்பவனுக்கு
விலையும் தெரியாது
பேரம் நேர்மையா என்பதும் தெரியாது.
இங்கே வெளியே நிற்பவன்தான் சாட்சி.
தொகை தெரியாமலே
சரி என்று சத்தியம் செய்வான்.
"தெரியாம சத்தியம் பண்றவனுக்கு
எங்க ஊர்ல வேற பேரு,"
கிளாஸைக் கழுவியபடி சொன்னான் திம்மராயன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.
திரையில் ஒரு சிவப்பு வரி.
சுழி வரவில்லை.
ஒரு ரூபாயா ஒரு கோடியா, சொல்லாது.
எவ்வளவு தப்பு என்று சொன்னால்
அதுவே ஒரு கசிவு.
தப்பு. அவ்வளவுதான்.

தஸ்னீமைக் கூப்பிட்டேன்.
ஜன்னலில் தெரிகிறாள்,
போனைத் தோளில் இடுக்கியபடி.
"உங்க பக்கம்?"
"சரி. உங்க பக்கம்?"
"சரி."
இரண்டு சரிகள் சேர்ந்து ஒரு தப்பு.
எண்ணைச் சொல்லாமல் எண்ணைத் தேடினோம்,
கரண்ட் போன கல்யாண மண்டப வாசலில்
ஆளுக்கொரு செருப்பைத் தேடுவதுபோல.

நான்தான்.
மதியம் ஒரு தொகையை மறுபடி பூட்டியபோது
பழைய பூட்டின் எண்ணையே
கணக்கில் விட்டுவைத்திருக்கிறேன்.
பணத்தில் ஒரு பைசா பிசகவில்லை.
மறைப்பில் பிசகு.

ஒரு மணிக்குப் பச்சை.
எதிர் ஜன்னலில் அவள் கையைத் தூக்கினாள்.
எனக்காகவா, சோம்பல் முறிக்கவா,
தெரியவில்லை. விளக்கு அணைந்தது.

டீக்கடை பெஞ்சில்
சந்தூரிலிருந்து லோடோடு வந்த சென்றாயன்
போன் அதிர விழித்தார்.
பக்கத்தில் லாரி டிரைவர்
கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.
படிக்கும் முன்
திரையின் வெளிச்சத்தைக்
குறைத்துக்கொண்டார் சென்றாயன்.