அனுப்புநர்: மருதப்பன்

உட்லண்ட்ஸ் கிளையில் என் டோக்கன் நூற்றுப் பதினேழு.
கையில் பாஸ்போர்ட், வேலை அட்டை, கம்பெனிக் கடிதம்,
முகவரிக்கு ஒரு புது அத்தாட்சி.
போன வாரம் கொண்டுவந்த கரண்ட் பில்
வீட்டுக்கார அம்மாள் பெயரில் இருந்ததால் செல்லவில்லை.

குடும்பப் பெயர் என்ன என்றாள் ஹஸ்லினா.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது,
பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து,
எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி,
அவ்வளவுதான் என்றேன்.
கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராதாம்.
பாஸ்போர்ட்டைப் புரட்டி அவளே தட்டினாள்.
இத்தனை நாள் ஒரு புள்ளிக்குப் பின்னால்
சுருண்டு கிடந்த மனிதர்
காலை நீட்டி எழுந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வங்கிக்கு நான் மருதப்பன்.
அன்புள்ள மருதப்பன், உங்கள் கணக்கு தயார்.
அன்புள்ள மருதப்பன், ஓடிபியை
யாரிடமும் சொல்லாதீர்கள்.
எனக்கு ஒன்பது வயதில்
யாரிடமும் எதுவும் சொல்லாமல் போனவருக்கு
இந்தப் புத்திமதி.

முதல் சம்பளம் வந்த காலை
நைட் ஷிப்ட் முடிந்து ரயிலில் நின்றபடி
ரூபாயைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
மார்சிலிங்கில் அறுபத்து நாலு புள்ளி ஆறு.
ஏழு.
திரும்ப ஆறு.
கிராஞ்சியில் எட்டு. அழுத்திவிட்டேன்,
எழுநூறு வெள்ளி.
பணம் அனுப்பும் நோக்கம் என்று கேட்டது.
கல்வி, அன்பளிப்பு, சொத்து வாங்குதல்,
குடும்பப் பராமரிப்பு.
யோசிக்க என்ன இருக்கிறது? கடைசியைத் தொட்டேன்.

சனிக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து போன்.
பாஸ்புக்கைப் பதியக் கொடுத்திருக்கிறாள் அம்மா.
"ஏட்டி கோமதி,
அந்த மனுஷன் பணம் போட்டுருக்காருட்டி."

வரியில் இடம் போதவில்லை.
மருதப்பன் முழுசாக விழுந்திருந்தார்,
நான் 'கோ'வோடு நின்றுபோயிருந்தேன்.
பக்கத்தில் குடும்பப் பராமரிப்பு என்று அச்சு.
கோர்ட்டில் அதற்கு ஜீவனாம்சம் என்று பெயர்.
மாசம் அறுநூறு என்று தீர்ப்பாகி
பத்தொன்பது வருஷம்.
ஒரு மாசம்கூட வந்ததில்லை.

அனுப்பியது நான்தான் என்று சொல்லிப் புரியவைத்தேன்.
படிவம், காலிக் கட்டம், ஹஸ்லினா.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை,
யாருக்கோ டோக்கன் மணி அடித்தது.
பிறகு சிரித்தாள் ஆவுடைத்தாய்.
கேஷ் கவுண்டரில் எண்ணிக்கொண்டிருந்தவர்
எண்ணிக்கையை விட்டிருப்பார்.

பெயர் வரிசையை மாற்ற ஒரு படிவம் உண்டு,
கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்,
நாலே நாள்தான் ஆகும்
என்று ராத்திரி கூப்பிட்டுச் சொன்னேன்.

"கிடக்கட்டும் விடு" என்றாள்.
"நாப்பத்தஞ்சாயிரத்து முந்நூத்தி அறுவது வந்துருக்கு.
அறுநூறால வகுத்துப் பார்த்தேன்.
எழுவத்தஞ்சு மாசம் தீந்துட்டு,
முந்நூத்தி அறுவது கையில நிக்கு.
பாக்கி நூத்தி அம்பத்தி மூணு மாசம்.
அதுவரைக்கும் அவரு பேருலயே வரட்டும்.

பொறவு நீ அனுப்பு."